நான் பெருக்கிய காடு

உங்களில் ஒருவர்கூட இதுவரை காட்டைத் துடைப்பத்தால் பெருக்கியிருக்க மாட்டீர்கள். நான் பெருக்கியிருக்கிறேன். ஆள் வைத்து, நாள் குறித்துப் பெருக்கி, முடிந்ததும் போட்டோ எடுத்து, அதற்குக் கோப்பையும் வாங்கியிருக்கிறேன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தோட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். புல் வெட்டுவதையும் குழி எடுப்பதையும் யாராவது சொல்லித் தருவார்கள். நான் செய்த பெரிய தப்பை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் கொஞ்சம் கருணை காட்டிவிடுவார்கள்.

2007-இல் அங்கே ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு ஐம்பது வயது. அதற்கு முன்பு குன்றத்தூரில் சொந்தமாக நர்சரி நடத்திக்கொண்டிருந்தேன். ரோஜாவோ மாங்கன்றோ, எதைக் கொடுத்தாலும் பிழைக்க வைப்பேன் என்று ஒரு தலைக்கனம். கூடவே கோபம். கோணலாக வெட்டிய வேலியைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு இப்படிப்பட்ட ஆளைத்தான் பிடிக்கும். தோட்டப் பிரிவு முழுவதையும் என் கையில் கொடுத்தார்கள்.

கம்பெனியின் பின்பக்க மூலையில் முக்கால் ஏக்கர் புதர்க்காடு இருந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அரசாங்கக் காப்புக்காடு, இந்தப் பக்கம் எங்கள் பட்டா நிலம். மரங்களுக்கு ஏது பட்டா? இரண்டு பக்கமும் ஒரே காரைப் புதர், ஒரே களாச்செடி, ஒரே வீரை மரங்கள்தான். எதிர்கால விரிவாக்கத்துக்கு என்று அந்த மூலையை வரைபடத்தில் வெறுமனே விட்டிருந்தார்கள். நானும் கண்டுகொள்ளவில்லை.

2009 ஐப்பசி மழையில் தேவகி வந்து கூப்பிட்டார். தேவகி வல்லக்கோட்டையிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி, என் பிரிவில் பெருக்கும் வேலை. “சார், பின்னால வந்து பாருங்கோ. இன்னாமோ பூத்துகினு கீது” என்றார். போனேன். புதர்களுக்கு நடுவே, சருகு மூடிய நிழலில், தரையோடு அப்பிக் கிடந்த மூன்று நான்கு இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சாண் உயரத் தண்டு. தண்டு நிறைய வெள்ளைப் பூக்கள். அப்படி ஒன்றல்ல, எண்ணினால் அறுபது தண்டுக்கு மேல். இத்தனை வருட நர்சரிக்காரன் நான், அதற்குப் பெயர் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து தாவரவியல் பேராசிரியரை வரவழைத்தோம். மனிதர் முட்டி போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இது தரையில் வளரும் காட்டு ஆர்க்கிட், ஹபனேரியா இனம் என்றார். தை மாதத்துக்குள் இலை காய்ந்துவிடும், பிறகு அடுத்த மழை வரை மண்ணுக்கு அடியில் ஒரு சின்னக் கிழங்காகத் தூங்கும் என்றார். விதை தூசி மாதிரி இருக்கும், அதற்குள் துளி உணவும் கிடையாது, சருகு மக்கும் இடத்தில் வாழும் ஒரு பூஞ்சாணம் ஊட்டினால்தான் முளைக்கும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றையும் காதில் வாங்கவில்லை. போட்டோவில் நான் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூ கம்பெனிக் காலண்டரில் வந்தது. கேன்டீன் சுவரில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர்களை அந்த மூலைக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். அடுத்த தை மாதம் ஃபைவ் எஸ் என்கிற சுத்தம்-ஒழுங்குப் போட்டி அறிவித்தார்கள். உங்களுக்குத் தெரியும்: வேண்டாததை அகற்று, வேண்டியதை ஒழுங்காக வை, பளபள என்று துடை, அதையே விதியாக்கு, அப்படியே காப்பாற்று. உற்பத்தி லைன், ஸ்டோர், டூல் ரூம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். வெளிப்புறப் பிரிவுகளுக்குப் போட்டி கிடையாது. நான் மனிதவளத் துறை வரை நடந்து, சண்டை போட்டு, ஆர்க்கிட் மூலையைப் போட்டியில் சேர்த்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன் என்று அப்போது தெரியாது.

பதினைந்து நாள் வேலை. சருகை ஒரு இலை விடாமல் வாரச் சொன்னேன். தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டேன். செங்கல் பதித்த நடைபாதை, மரத்துக்கு அடியில் காவியும் வெள்ளையும் பட்டை. கறையான் மருந்து ஊற்றினேன். மேலே மக்கிய தொழு உரம் பரப்பினேன். கோடை வந்ததும் செடி காயக்கூடாதே என்று தினமும் குழாய் போட்டுத் தண்ணீர்.

தேவகி மட்டும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். “இன்னா சார், காட்டப் போயி பெருக்கச் சொல்றீங்கோ? இன்னிக்கிப் பெருக்குனா நாளிக்கி மறுபடியும் வுழும்.”

“நாளைக்கும் பெருக்கு” என்றேன்.

எங்கள் தோட்டப் பிரிவுக்கே முதல் பரிசு. கோப்பையை மேசைமேல் வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்த பிறகுதான் என்னைப் பார்க்க முடியும் என்கிற மாதிரி வைத்தேன்.

2010 ஐப்பசியில் மழை வந்தது. மூலையில் ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். தொழு உரத்தில் கோரைப்புல்தான் செழித்து வந்தது. அந்த நேரம் பார்த்து டிரெய்லர் நிறுத்த இடம் போதவில்லை என்று புது வரைபடம் போட ஆரம்பித்தார்கள். தொழிற்சாலைத் தலைவரான பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். “பூ வந்தா அந்த மூலை இருக்கட்டும். வரலன்னா அங்கதான் டிரெய்லர் யார்டு. மாசக் கடைசில லேஅவுட் முடிக்கணும்” என்றார். அவ்வளவுதான்.

மாத அறிக்கையில் ‘பருவமழை போதாமையால் பூக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அறிக்கை தரப் பிரிவு வழியாகத்தான் மேலே போகும். அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் போன் போட்டுத் திட்டுவார். தூத்துக்குடிப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். நான் வேலையில் கற்றதில் பாதி அவரிடம் கற்றது. என் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

“என்ன சார் எழுதியிருக்கீய? மழை இங்கன மட்டுந்தான் பெய்யலையோ?”

“கம்மிதாம்மா இந்த வருஷம்.”

“செவுத்துக்கு அந்தப் பக்கம் பூத்திருக்கான்னு பாத்தியளா?”

பார்க்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. “லைன்ல ஒரு கெட்ட பாகம் வந்தா, நாங்க பக்கத்துல ஒரு நல்ல பாகத்த வச்சித்தான் பாப்போம். கெட்டத மட்டும் வச்சிக்கிட்டு மொறச்சிக்கிட்டு இருந்தா என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு மெயின்டனன்ஸிலிருந்து ஏணி வரவழைத்தார். நீல யூனிபாரத்தோடு அவரே ஏறினார். மேலே நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, “நீங்களே ஏறிப் பாருங்க சார்” என்று இறங்கிவிட்டார்.

ஏறினேன். சுவருக்கு அந்தப் பக்கம், யாரும் பெருக்காத சருகுக்கு நடுவே, அதே மழையில், வெள்ளைத் தண்டுகள் நின்றன.  

இறங்கியதும் அவர் விடவில்லை. ஐந்து முறை ‘ஏன்’ கேட்கும் தரப் பிரிவு விசாரணையை ஏணியடியிலேயே ஆரம்பித்தார்.

“ஏன் பூக்கல?”

“சருகு இல்ல.”

“ஏன் இல்ல?”

“பெருக்கினோம்.”

“ஏன் பெருக்குனீய?”

“ஃபைவ் எஸ்.”

“காட்டுக்கு ஏன் ஃபைவ் எஸ்?”

“நான்தான் கேட்டு வாங்கினேன்.”

“ஏன் சார்?”

ஐந்தாவது ‘ஏன்’. பதில் என் மேசைமேல் நின்றது. கோப்பை வேண்டும் என்றுதான். அவர் என் முகத்தைப் பார்த்தார், அறிக்கையைத் திருப்பி என் கையில் கொடுத்தார், போய்விட்டார். குரங்கு கையில் பூமாலை என்று நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அன்று அந்தக் குரங்கு நான்தான்.

அன்று மாலை பேராசிரியருக்குப் போன் செய்து, ஒரு வருடம் முன்பே சொன்னதையெல்லாம் மறுபடியும் சொல்ல வைத்தேன். தூங்கும் கிழங்குக்குக் கோடையில் தண்ணீர் விட்டால் அழுகிவிடும் என்றார். காப்புக்காட்டிலிருந்து செடி கொண்டுவரலாமா என்று கேட்டேன். “அது குற்றம். அப்படியே கொண்டுவந்தாலும் அதோட பூஞ்சாணத்த எப்படிக் கொண்டுவருவீங்க?” என்று கேட்டார். மிச்சம் ஏதாவது உயிரோடு இருக்குமா என்றதற்கு, “இருக்கலாம். சில கிழங்குகள் ஒரு வருஷம் இலை விடாமக்கூடத் தூங்கும். தோண்டாதீங்க” என்றார்.

மறுநாள் பழைய நர்சரி நண்பர் ஒருவர் வழி சொன்னார். “அண்ணே, ஊட்டிலேர்ந்து நாப்பது தொட்டி எறக்கித் தரேன். தொட்டியோட மண்ணுல பொதச்சிடு. ஆர்க்கிட்டுன்னா ஆர்க்கிட்டுதான், எவன் கேக்கப் போறான்?” நான் உத்தமன் மாதிரி உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒரு நாள் முழுக்க அதைப் பற்றி யோசித்தேன். வருகிறவர்களுக்குப் பூ தெரியும், மூலை தப்பும், என் பெயரும் தப்பும். ஆனால் அந்தத் தொட்டிகளைக் காப்பாற்ற நான் தினமும் தண்ணீர் விடவேண்டும். அடியில் ஏதாவது கிழங்கு பிழைத்துக் கிடந்தால் அதையும் என் பொய்யே அழுகவைத்துவிடும். இதை நினைத்ததும் நண்பருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு எனக்குத் தெம்பு இல்லை என்பதும் ஒரு காரணம்.

அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ‘தோட்டப் பிரிவு செய்த பராமரிப்பால் செடிகள் அழிந்தன. உத்தரவு கொடுத்தது நான்.’ பிளான்ட் ஹெட் அதை இரண்டு முறை படித்தார்.

“அப்ப அந்த மூலைல ஒண்ணும் இல்ல.”

“மேல ஒண்ணும் இல்ல சார். கீழ இருக்கா இல்லையான்னு தெரியாது.”

“தோண்டிப் பாக்கலாமே?”

“தோண்டினா தெரியும். ஆனா தெரிஞ்ச செடி செத்துடும்.”

“பின்ன என்னதான் கேக்கறீங்க?”

“அடுத்த மழை வரைக்கும் உள்ள யாரும் போகக் கூடாது சார். பெருக்கக் கூடாது, தண்ணி விடக் கூடாது. நானும்தான்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு அப்ரூவல் கேட்டு என்கிட்ட வந்த முதல் ஆளு நீங்கதான்.” சிரிக்கவில்லை. வரைபடத்தை இழுத்துப் பார்த்தார். “பாதி தரேன். பாதி யார்டுக்கு வேணும். எந்தப் பாதின்னு நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குள்ள கோடு போட்டுக் குடுங்க. அடுத்த மழைக்கும் ஒண்ணும் வரலன்னா மீதியும் யார்டுக்குப் போயிடும்.”

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு பாதியிலும் இப்போது பூ இல்லை. கிழக்குப் பாதியில்தான் முன்பு பூ மண்டிக் கிடந்தது, காலண்டர் போட்டோ எடுத்ததும் அங்கேதான். மேற்கே சுவர் ஓரம் காரைப் புதர் அடைசல், அங்கே நான் பார்த்தது பத்துப் பன்னிரண்டு செடி. யாரைக் கேட்டாலும் கிழக்கை வைத்துக்கொள் என்பார்கள். வரைபடம் போட வந்த இன்ஜினியரும் அதைத்தான் சொன்னார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. எங்கே பூ அதிகமோ அங்கேதான் நான் அதிகமாக வேலை வாங்கியிருந்தேன்.

காலை எட்டு மணிக்கு ஷிப்டு ஆரம்பித்ததும் தேவகியைத் தேடிப் போனேன்.

“தேவகிம்மா, நிஜத்தச் சொல்லு. போட்டி சமயத்துல அந்த மூலைல எங்கயாவது பெருக்காம விட்டியா?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “எல்லாத்தையும் பெருக்கினேன் சார்.”

“திட்ட மாட்டேன்.”

“இப்டித்தான் சார் சொல்வீங்கோ, அப்புறம் கத்துவீங்கோ.”

அவர் சொன்னது நியாயம். மூன்று வருடமாக நான் கத்திய கத்தல் அப்படி. ஒப்பந்தத் தொழிலாளி, வேலை செய்யவில்லை என்று அவர் வாயாலேயே மேற்பார்வையாளரிடம் ஒப்புக்கொண்டால் மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். “தப்பு பண்ணது நான்னு எழுதிக் குடுத்துட்டேன்மா. எழுதினத மாத்த மாட்டேன். உன் பேரு அதுல கிடையாது. இப்ப எனக்கு ஒண்ணுதான் தெரியணும், நீ பெருக்காத எடம் எது?”

சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றார். “செவுத்தோரம் சார்” என்றார் கடைசியில். “காரமுள்ளு. ரெண்டு வாட்டி கையில ஏறி சீழு புட்ச்சிகிச்சி. பாம்பு சட்ட வேற கெடந்துச்சி. நீங்கோ வந்து பாக்குற பக்கம் மட்டும் வாரி வுட்டுட்டு, முட்சிட்டேன்னு சொல்லிட்டேன். தண்ணி பைப்பும் அங்க எட்டாது சார், நானும் எட்டுதுன்னு சொல்லிகினு இருந்தேன்.”

பழக்கதோஷத்தில் முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை மாதமும் என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று. அடுத்த நொடியே அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சுண்ணாம்புப் பொடி வாளியை எடுத்துக்கொண்டு போய், சுவர்ப் பக்கத்துப் பாதியை எனக்கு வைத்துக்கொண்டு, காலண்டரில் வந்த கிழக்குப் பாதியை டிரெய்லருக்கு விட்டுக் கோடு போட்டேன். இன்ஜினியர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். பத்தே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதத்தில் கிழக்குப் பாதியில் கான்கிரீட் விழுந்தது. அதற்கு அடியில் உயிரோடு கிழங்கு ஏதும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. கையெழுத்து என்னுடையது.

அடுத்து வந்த ஒரு வருடம் என் வேலைக் காலத்திலேயே கடினமான வருடம். ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு அவ்வளவு கஷ்டம். செங்கல்லைப் பெயர்த்தேன், தொழு உரத்தை மேலாக வழித்து எடுத்தேன், அத்தோடு வெளியே வந்தேன். விழுந்த சருகு விழுந்தபடி கிடந்தது. ஃபைவ் எஸ் ஆடிட்டில் அந்த மூலைக்கு மிகக் குறைந்த மதிப்பெண், கேன்டீன் பலகையில் சிவப்பு வட்டம். எனக்குக் ‘குப்பைமேட்டு மேனேஜர்’ என்று பட்டப்பெயர் வந்தது. சாம்பார் ஊற்றுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

ஆவணி மாதம் ஒருநாள், வாடிக்கையாளர் வருகிறார் என்று வெளி ஆட்கள் பத்துப் பேர் துடைப்பமும் கூடையுமாக அந்த மூலைக்குள் நுழையப் பார்த்தார்கள். யாரோ மேலிருந்து சொல்லியிருக்கிறார்கள். நான் வழியில் குறுக்கே நின்றேன். “ஒரு மணி நேரத்துல விசிட்டர் வர்றாங்க சார், எங்கள விடுங்க” என்று அவர்களுடைய சூப்பர்வைசர் கெஞ்சினார். “என்மேல பெருக்கிட்டுப் போ” என்றேன். ஒரு மணி நேரம் நின்றேன். விசிட்டர் வந்தார், குப்பையைப் பார்த்தார், குப்பைக்கு நடுவில் நின்ற என்னையும் பார்த்தார், போய்விட்டார். அன்று கோபக்காரன் என்ற பெயர் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

2011 ஐப்பசி. மழை விட்ட ஒரு காலையில் சுவர் ஓரம் குனிந்து பார்த்தேன். சருகைத் தள்ளிக்கொண்டு இரண்டு இலை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் ஊற்றிய கறையான் மருந்தில் ஒரு வருடம் இலை விடாமல் தூங்கிக் கிடந்த கிழங்குகள் இவை. பதினைந்து நாளில் ஒன்பது தண்டு எழுந்து பூத்தது. அறுபது இருந்த இடத்தில் ஒன்பது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பிளான்ட் ஹெட் வந்து பார்த்தார். ஒவ்வொரு தண்டாக எண்ணினார். “எல்லாரும் கெழக்குன்னு சொன்னாங்க. இந்தப் பக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?” என்றார்.

அனுபவம் சார் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். “ஒருத்தர் வேலைக்குக் கேடு வராதுன்னு நீங்க சொன்னா சொல்றேன் சார்” என்றேன். தலையசைத்தார். சொன்னேன்.

“அப்ப, வேலை செய்யாததால பொழச்சிருக்கு.”

“நான் சொன்ன வேலையச் செய்யாததால சார்.”

அவர் நேராகத் தேவகியிடம் போனார். நான் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். தேவகி துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். பிளான்ட் ஹெட் கேட்டது ஒரே கேள்வி: “இந்தக் கம்பெனியில இன்னும் எங்கெல்லாம் நீங்க பெருக்கினதே இல்ல?”

தேவகி என்னைப் பார்த்தார். சொல்லு என்று கண்ணைக் காட்டினேன். அவர் விரல் விட்டு எண்ணி ஐந்து இடம் சொன்னார். ஐந்தும் என் ஆய்வுப் பட்டியலில் ‘சுத்தம்’ என்று நானே கையெழுத்துப் போட்ட இடங்கள்.

அன்று மதியமே தேவகியை அழைத்துக்கொண்டு ஐந்துக்கும் போனேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீ கப். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் யாரோ விட்டுப்போன ஒற்றை ஷூ. கேட்டுக்குப் பக்கத்திலும் கேன்டீன் பின்புறத்திலும் வெறும் குப்பை. ஐந்தாவது, பம்ப் ஹவுஸுக்கும் சுவருக்கும் நடுவில் துடைப்பம் நுழையாத இடுக்கு. கட்டடம் கட்டியபோது வெட்டாமல் விட்ட ஒரு வீரை மரம், அதற்கு அடியில் நான்கு வருடத்துச் சருகு. பக்கவாட்டில் நுழைந்து முட்டி போட்டேன். சருகுக்கு நடுவே தரையோடு படிந்த மூன்று இலை, நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு.

“இங்க மட்டும் இனிமே பெருக்காதம்மா” என்றேன்.

“நான் எப்போ சார் இங்க பெருக்குனேன்?” என்றார் தேவகி.